கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கற்பிட்டிக்குப் போய் டொல்பின் பார்க்காமல் திரும்பியவர்களின் கதையைக் கேட்டால், பெரும்பாலும் திட்டத்திலேயே பிழை இருக்கும். இலங்கையின் வடமேற்குக் கரையில், ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் திறந்த கடல் என்று வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம் இது. காற்றும் கடலும் வைத்ததுதான் இங்கே நேர அட்டவணை. அதை மதிக்காமல் நம் வசதிக்கு நாள் குறிப்பதுதான் முதல் தவறு.

நவம்பர் முதல் ஏப்ரல் முற்பகுதி வரைதான் டொல்பின் பார்க்க உகந்த காலம். வாடைக்காற்று தரைப்பக்கமிருந்து வீசுவதால் மேற்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும். மே மாதத்தில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழுந்தால் ஒக்டோபர் வரை அந்தக் கடல் படகுச் சவாரிக்கு உரியதல்ல. பட்டம் கட்டி அலையில் சறுக்கும் விளையாட்டுக்காரர்கள் வந்து குவிவது அந்தக் காற்றுக்காகத்தான். பாடசாலை விடுமுறை ஓகஸ்டில் வருகிறது என்பதற்காகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், கரையில் நின்று அலையைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. ஓகஸ்டில்தான் போக முடியுமென்றால் களப்புப் பக்கம் கண்டல் காடுகளுக்குள் படகில் போய் வாருங்கள். டொல்பினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கொழும்பிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு அன்றே பார்த்துத் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. நீர்கொழும்பு, சிலாபம் தாண்டி, புத்தளத்துக்குச் சற்று முன்னால் பாலாவியில் இடப்பக்கம் திரும்பி, நுரைச்சோலை வழியாக இன்னும் சுமார் 40 கிலோமீட்டர் போகவேண்டும். மொத்தமாக நான்கு மணிநேரம் ஆகலாம். படகுகளோ காலை ஏழு மணிக்கு முன்பின்னாகக் கிளம்புபவை. வெயில் ஏறியதும் கடற்காற்று எழுந்து நீர் குலுங்கத் தொடங்கும். குலுங்கும் நீரில் முதுகுத் துடுப்பைக் கண்டுபிடிப்பதும் கடினம். முந்தைய நாளே போய்த் தங்குங்கள். முடிந்தால் இரண்டு இரவுகள் தங்குங்கள். முதல் காலை கைவிட்டாலும் இன்னொரு காலை மிச்சமிருக்கும். படகு எங்கிருந்து புறப்படுகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆலங்குடா, கண்டக்குளி போன்ற கடற்கரைகளிலிருந்து படகுகள் போகின்றன. கற்பிட்டி நகரத்துக்குள் அறை எடுத்துவிட்டால் விடியலில் மறுபடி வாகனம் தேட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு கடலுக்குள் போன பிறகு நடக்கிறது. டொல்பின் கூட்டம் கண்ணில் பட்டதும் படகிலிருந்து எழும் முதல் குரல், “இன்னும் கிட்டப் போங்கள்” என்பதுதான். படகோட்டி அதைத் தட்டமாட்டார். அவருடைய அன்றைய கூலியும் நாளைய வாடிக்கையும் உங்கள் மகிழ்ச்சியில் தங்கியிருக்கின்றன. ஆகவே எஞ்சினை முடுக்கி, கூட்டத்தின் நடுவே விட்டு, முன்னால் போய் மறிப்பார். நாலாபுறமிருந்தும் மற்றப் படகுகள் அதையே செய்யும். கற்பிட்டியில் இதுதான் என்னை மிகவும் வருத்தும் காட்சி.

இங்கே அதிகம் காணப்படுவது ஸ்பின்னர் டொல்பின். நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்துக்கும் மேலாக ஒன்றாக நீந்தும்; ஒரே துள்ளலில் உடலைப் பல முறை சுழற்றும். இவை இரை தேடுவது இரவில். ஆழத்திலிருந்து இருட்டில் மேலே வரும் சிறு மீன்களையும் கணவாயையும் தின்றுவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கும். நாம் பார்க்கப் போகும் காலைப்பொழுது, இரவெல்லாம் உழைத்த விலங்குகள் ஓய்வுக்குத் திரும்பும் நேரம். கூட்டத்தில் தாய்க்கு அருகில் ஒட்டியபடி குட்டிகளும் இருக்கும். நாள்தோறும் விரட்டினால் ஓய்வும் போகும், குட்டிக்குப் பால் கொடுக்கும் நேரமும் போகும்.

எனவே சொல்ல வேண்டியதைக் கரையிலேயே, காசு பேசும்போதே சொல்லிவிடுங்கள்: விரட்ட வேண்டாம், குறுக்கே போக வேண்டாம், தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக் கூட்டம் போகும் திசையில் பக்கவாட்டாகச் செல்லுங்கள், கிட்டப் போகாவிட்டாலும் பேசிய பணம் முழுதாகத் தருவோம். இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். பிறகு பொறுமையாக இருங்கள். விருப்பமிருந்தால் அவையே வந்து படகின் முன்முனையில் எழும் நீரோடு சேர்ந்து நீந்தும். துள்ளல் நின்று, எல்லாம் நெருக்கமாகச் சேர்ந்து மெதுவாக எழுந்து மூழ்கினால் ஓய்வுக்குப் போகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம், விலகிவிடுங்கள். திசையைத் திடீர் திடீரென மாற்றினாலும், நெடுநேரம் மூழ்கியே இருந்தாலும் விலகிவிடுங்கள். தண்ணீருக்குள் குதித்து அவற்றோடு நீந்த ஆசைப்படுவதும் இரை போடுவதும் வேண்டவே வேண்டாம். இலங்கையில் கடல் பாலூட்டிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம். இவை மீன்பிடிக்கும் பைபர் படகுகள். கூரை, கழிப்பறை எதையும் எதிர்பார்க்காதீர்கள். உயிர்காப்பு அங்கியை ஆளுக்கொன்றாகக் கரையிலேயே எண்ணிப் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் அளவுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள், இதில் பேரமே கூடாது. வாந்தி வரும் இயல்புள்ளவர்கள் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போடவேண்டும். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் இந்தச் சவாரியைத் தவிர்ப்பது நல்லது. அலையில் படகு தூக்கித் தூக்கிப் போடும். கட்டணம் படகுக்கா, ஆளுக்கா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்.

ஊரைக் கடற்கரை ஹோட்டலாக நினைப்பது இன்னொரு தவறு. மீனவர்களின் குடிசைகளான வாடிகளுக்கு முன்னால் காயும் கருவாடும் நெத்தலியும் ஒரு குடும்பத்தின் வருமானம். அதன் மேலாக நடந்து படம் பிடிக்கிறார்கள். கரைவலை இழுக்கும்போது கயிற்றுக்குள் புகாதீர்கள், முகத்துக்கு நேரே கமராவை நீட்டாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள். பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் அடுத்தடுத்து உள்ள பகுதி இது. நீச்சல் உடையோடு கடைத்தெருவுக்குப் போகாதீர்கள். மார்ச், ஓகஸ்ட் மாதங்களில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் வீதியும் அறைகளும் நிரம்பிவிடும். திருவிழாவுக்கு வருவதாயின் வேறு விடயம். டொல்பினுக்காக வருவதாயின் தேதி பார்த்து வாருங்கள்.

பார் ரீப் பவளப் பாறைகளுக்கும் அதே பயணத்தில் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1992இல் சரணாலயமாக்கப்பட்ட இடம் அது; 1998இலும் 2016இலும் கடல் வெப்பமேறிப் பவளங்கள் வெளுத்து மிகவும் பாதிக்கப்பட்டது. மேலே மிதந்து பாருங்கள், காலை ஊன்றாதீர்கள். கற்பிட்டியின் ஒல்லாந்தர் கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. நினைத்த நேரத்தில் நுழைய முடியாது என்பதால், உள்ளே விடுவார்களா என்று முந்தைய நாளே தங்குமிடத்தில் விசாரித்து வையுங்கள்.