பூஸ்டர் ஊசிக்குக் கிளம்பும் முன்

அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரையும் உண்டு. கொரோனாவுக்கு பூஸ்டர், அதாவது கூடுதல் தடுப்பூசி, போட்டுக்கொள்ளலாம் என்றேன். "ரெண்டு ஊசி போட்டாச்சே, இன்னும் எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஊசியால் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் சில மாதங்களில் குறைந்துவிடும்; வைரஸும் உருமாறிக்கொண்டே இருக்கும். தொற்றே வராமல் தடுக்கும் பலன் சீக்கிரம் தேயும். ஆனால் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேரும் நிலையைத் தடுக்கும் பலன் அதைவிட நீண்ட காலம் நிற்கும். பூஸ்டர் இரண்டையும் மறுபடி உயர்த்துகிறது. இதைச் சொன்னதும் அம்மா சம்மதித்தார்.

முதலில் பழைய ஊசிச் சீட்டைத் தேடி எடுங்கள். எத்தனை ஊசி போட்டோம் என்பதைவிட, கடைசி ஊசியின் தேதி முக்கியம். முதியவர்கள், நாள்பட்ட நோயுள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை தரச் சொல்லி 2023-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. முதியவர்களுக்கு 6 அல்லது 12 மாத இடைவெளி என்றது. விதி நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் சுகாதாரத் துறையின் இப்போதைய அறிவிப்பைப் பாருங்கள்.

அப்புறம், சாப்பிடும் மாத்திரைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், முன்பு ஊசியால் ஒவ்வாமை வந்தவர்களும் நர்ஸிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊசி போட்டதும் 15 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். அம்மாவுக்கு அன்றிரவு கை கனத்தது, லேசான காய்ச்சல்; மறுநாள் சரியாகிவிட்டது. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.