வீட்டுப் பக்கத்து உயிர்களைப் படம் பிடிக்கும்போது மலையகத்தில் நாம் செய்யும் தவறுகள்

கையில் ஒரு கெமராவோ நல்ல போனோ வந்துவிட்டால் நம்மில் பலருக்கு உடனே யால, வில்பத்து ஞாபகம்தான் வருகிறது. ஜீப் வாடகை, நுழைவுச் சீட்டு, இரண்டு நாள் லீவு என்று கணக்குப் பார்த்து, சரிவராது என்று ஆசையையே விட்டுவிடுகிறோம். முதல் தவறு இதுதான். இலங்கைக்கே உரிய பறவைகள் பலவற்றுக்கு மலைநாடுதான் வீடு. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியும் இலங்கை வெள்ளைக்கண்ணியும் யாலவில் எத்தனை நாள் சுற்றினாலும் கிடைக்காது. நுவரெலியாவில் ஒரு தோட்டத்து வேலி ஓரத்தில் கிடைக்கும். காஷ்மீர் பக்கத்து மலைகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வரும் சின்ன ஈப்பிடிப்பான் ஒன்றைத் தேடி, வெளிநாட்டுக்காரர்கள் நுவரெலியா டவுனுக்குள் இருக்கும் விக்டோரியா பூங்காவுக்கு வருகிறார்கள். ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை அந்த விருந்தாளிகளின் காலம். அங்கே காய்ந்த இலைகளைக் கிளறிக்கொண்டு ஆறுமணிக்குருவியும் நடக்கும்.

வீட்டுக்குப் பக்கத்தில் பார்ப்பதில் பெரிய வசதி இருக்கிறது, கூடவே ஒரு பொறுப்பும் இருக்கிறது. யாலவில் ஒரு விலங்கைத் தொந்தரவு செய்தவர் மாலையில் வண்டியேறிப் போய்விடுவார். லயத்துக் கோடியில் இருக்கும் மரத்துக் குருவியையோ பீலிக்கரைக்கு வரும் குரங்குக் கூட்டத்தையோ நாம் நாளைக்கும் பார்க்க வேண்டும், அவையும் நம்மைப் பார்க்க வேண்டும். இன்று செய்த பிழையின் பலன் அதே இடத்தில், அதே உயிர்களிடம் தங்கிவிடும்.

கூட்டில் நடக்கும் பிழைதான் அதிகம், கேடும் அதில்தான் அதிகம். கொண்டைக்குருவி தேயிலைச் செடிக்குள்ளேயே கூடு கட்டும். கொழுந்து எடுக்கும்போது கண்ணில் பட்டுவிடும். உடனே கிளையை விலக்கி, மறைக்கும் இலைகளை ஒடித்து, முட்டையை நெருக்கமாக ஒரு படம். அந்த இலைகள்தான் கூட்டுக்குக் கூரை: வெயிலையும் மழையையும் அவைதான் தடுத்தன, காகத்தின் கண்ணையும் அவைதான் மறைத்தன. மனிதன் அடிக்கடி எங்கே குனிகிறான் என்று காகமும் செண்பகமும் குரங்கும் கவனிக்கும். தாய்க்குருவி வாயில் புழுவோடு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து விடாமல் கத்தினால், உங்களால் அது கூட்டுக்குள் போக முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். அப்போதே விலகிவிடுங்கள். அடைகாப்பதில் தொடங்கிக் குஞ்சுகள் பறந்துபோகும் வரை எல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதன்பிறகு தாயும் குஞ்சுகளும் வெளிக்கிளையில் உட்கார்ந்து இரை ஊட்டும் காட்சி கூட்டுப் படத்தைவிட எவ்வளவோ அழகு. அதற்காகக் காத்திருக்கலாம்.

குருவியின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுப்பதும் இதே வகைதான். தன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்று அது சண்டைக்கு வருகிறது. இரை தேட வேண்டிய காலை நேரம் இல்லாத எதிரியைத் தேடுவதில் போய்விடும். வேண்டாம்.

அடுத்தது தீனி போடுவது. பிஸ்கட் நீட்டினால் குரங்கு பக்கத்தில் வரும், படமும் கிடைக்கும். அடுத்த வாரம் அதே குரங்கு காம்பராவுக்குள் புகுந்து சோற்றுப் பானையைக் கவிழ்க்கும், பிள்ளையின் கையிலிருப்பதைப் பறிக்கும், கடைசியில் யாராவது கல்லாலோ வெடியாலோ அதற்குப் பதில் சொல்வார்கள். ஹோட்டன் சமவெளியின் வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் மனிதர்களிடம் தின்பண்டத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். உணவோடு பொலித்தீனும் அவற்றின் வயிற்றுக்குள் போகிறது. நுழைவாயிலில் பொலித்தீன் உறைகளைக் கழற்றச் சொல்வதை முணுமுணுக்காமல் செய்துவிட்டுப் போவோம்.

சிறுத்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இலங்கைச் சிறுத்தை உலகில் வேறு எந்தக் காட்டிலும் இல்லை. அது நம் தேயிலை மலைகளிலும் நடமாடுகிறது. தேயிலைக்குள் குட்டிகளைக் கண்டால் பல இடங்களில் நடப்பது இதுதான்: ஆள்கள் கூடுவார்கள், ஒருவர் குட்டியைத் தூக்கி மடியில் வைப்பார், பத்துப் போன்கள் படம் எடுக்கும். தாய் குட்டிகளை அனாதையாக விட்டுப் போகவில்லை, இரை தேடத்தான் போயிருக்கிறது. கூட்டம் நிற்கும் வரை திரும்பி வராது. வந்தாலோ ஆபத்து நமக்கு. குட்டியைத் தொடாமல், வேலையை அடுத்த மலைக்கு மாற்றச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்குச் சொல்லிவிட்டு விலகுவதே சரி.

காட்டுப்பன்றிக்காக மரக்கறித் தோட்டங்களில் வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டினாலும் அப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி மாட்டியது. உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் இறந்துவிட்டது. இடுப்பிலோ கழுத்திலோ கம்பி இறுகிய விலங்கு, ஆள்கள் நெருங்க நெருங்க இன்னும் திமிறும், கம்பி இன்னும் இறங்கும். நல்ல படம் எடுப்பதற்காக நாம் முன்வைக்கும் ஒவ்வொரு அடியும் அதன் உயிரைக் குறைக்கிறது. வெறும் சுருக்கைக் கண்டால் மட்டும் ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் திணைக்களத்துக்கு அனுப்புங்கள்.

குளவிக்கூடு, மலைத்தேன் கூடு பக்கம் படத்துக்காகப் போகவே கூடாது. கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இல்லாத தோட்டம் நம்மிடையே இல்லை. ட்ரோன் சத்தமும் கூட்டைக் கலைக்கும். நீங்கள் கலைத்துவிட்டு ஓடிவிடலாம். கொட்டு வாங்குவது கீழ் மலையில் கூடையோடு நிற்கும் அக்காமார். மருந்தடித்த மலைக்குள்ளும் அன்று இறங்க வேண்டாம்.

இனிப் படத்தின் விஷயம். மலையில் நிற்பவருக்குச் சமவெளிக்காரருக்கு இல்லாத ஒரு கொடை உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் வெள்ளை வானத்துக்கு முன்னால் குருவி கறுப்பு நிழலாகத்தான் வரும். அதே மரத்தை மேல் ரோட்டில் நின்று பார்த்தால் அதன் உச்சி உங்கள் கண்ணுக்கு நேரே இருக்கும். முள்முருங்கை இலையுதிர்ந்து சிவப்பாகப் பூத்திருக்கும் நாட்களில் அந்த இடத்தில் சும்மா நின்றாலே போதும்: தேன்சிட்டு, மைனா, கொண்டைக்குருவி என்று வரிசையாக வரும். நாம் துரத்தத் தேவையில்லை.

பனிமூட்டத்தில் கெமரா ஏமாறும். வெள்ளையைக் கண்டதும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும், மூட்டம் அழுக்குச் சாம்பலாக வரும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டுங்கள். போனில் திரையைத் தொட்டு சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும். போனின் டிஜிட்டல் சூமை முழுதாக இழுப்பதால் எந்தப் பயனும் இல்லை, அது படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். பழைய பைனாகுலர் ஒன்று கிடைத்தால் அதன் கண்ணாடியில் போன் லென்ஸை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். தேவாங்கு, ஆந்தை போன்ற இரவு உயிர்களின் முகத்தில் மட்டும் பிளாஷ் அடிக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண்கள் அவை.

லென்ஸைப் பையிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைப்பது இங்கே தனித் தவறு. நம் ஈரக் காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் படரும், வந்தபின் துடைத்து எடுக்க முடியாது. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, வெயில் அடிக்கும் நாளில் வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

படத்தைப் பகிரும்போது நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாதது. போன் படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். மூக்கில் கொம்புள்ள நம் மலை ஓணான்களை வெளிநாட்டில் செல்லப்பிராணியாக விற்கக் கடத்துகிறார்கள். அருகிவரும் உயிர்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கண்காணிக்கும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019 இல் அவற்றின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தியதற்குக் காரணமும் அதுதான். எந்தப் பாதை, எந்தப் பாலம், எந்த மரம் என்று எழுதினால் பிடிப்பவருக்கு வழிகாட்டி ஆகிவிடுவோம். கெமரா செட்டிங்கில் இருப்பிடத்தை நிறுத்திவிட்டு, மாவட்டத்தின் பெயரை மட்டும் போடுங்கள். கண்ட உயிர்களின் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத்தளத்தில் பதிந்தால் அருகிவரும் உயிர்களின் சரியான இடத்தை அதுவே மறைத்துவிடும். நீங்கள் எழுதிய திகதியும் உயிரின் பெயரும் ஆய்வாளர்களுக்குப் போய்ச் சேரும்.