புரொப்பல்லர் ஷாஃப்டில் மறைந்த விரிசல்: அல்ட்ராசோனிக் சோதனை, முதல் பாடம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி ஷாஃப்டைக் கழற்றுவது இந்த நாட்களில்தான். தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். சுற்றிச் சுற்றி வளைந்து சோர்ந்த உலோகத்தில் விழும் மயிரிழை விரிசல் தெரியாது. நடுக்கடலில் ஷாஃப்ட் முறிந்தால் ஆட்கள் தவிக்க வேண்டியதுதான்.

விரிசல் பெரும்பாலும் டேப்பர் (ஷாஃப்ட் கூம்பாக ஒடுங்கும் பகுதி) தொடங்கும் தடித்த முனையிலும், கீவே (புரொப்பல்லரைப் பூட்டும் சாவி உட்காரும் பள்ளம்) முடியும் மூலையிலும் தொடங்கும். அங்கேதான் இழுவிசை குவிகிறது. எனவே முழு நீளத்தையும் தடவுவதைவிட இந்த ஒரு சாண் இடத்தைப் பொறுமையாகப் பார்ப்பது மேல்.

தேவையானவை: பிழை காட்டும் அல்ட்ராசோனிக் கருவி (காதுக்குக் கேட்காத ஒலியை உலோகத்துக்குள் அனுப்பி, திரும்பும் எதிரொலியைத் திரையில் காட்டுவது), அந்த ஒலியைச் சாய்வாக அனுப்பி வாங்கும் 4 மெகாஹெர்ட்ஸ் 45 டிகிரி புரோப், கருவியைச் சரிபார்க்கும் வி-2 பிளாக் என்ற இரும்புக்கட்டை, கிரீஸ், எமரி தாள், சாக்பீஸ். அதே ஷாஃப்ட் ரகத்தில், அதே விட்டத்தில் பழைய துண்டு ஒன்றும் வேண்டும். அதன் பரப்பில் ஹேக்ஸாவால் 2 மி.மீ. ஆழத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டுப் போடுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல்.

1. உப்பு, துரு, பெயின்ட் போகத் தேய்த்துத் துடையுங்கள். புரோப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி இருந்தாலே ஒலி உள்ளே போகாது. கிரீஸ் அதற்காகத்தான்.

2. திரை வீச்சை (திரை காட்டும் ஒலிப்பாதையின் நீளத்தை) 200 மி.மீ. ஆக வையுங்கள். வி-2 பிளாக்கில் புரோப்பை 25 மி.மீ. வளைவை நோக்கித் திருப்பினால் எதிரொலிகள் 25, 100, 175-இல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேலே போகாதீர்கள்.

3. பழைய துண்டில், வெட்டுக்கு எதிர்ப்பக்கம், நீளவாக்கில் ஒரு விட்ட அளவு தள்ளி, புரோப்பை வெட்டை நோக்கி வைத்து எதிரொலியைத் திரையின் 80 சதவீத உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கருவியின் உணர்திறனை 6 டெசிபெல் கூட்டுங்கள். விரிசலின் இரு முகங்களும் ஒட்டிக்கொண்டு ஒலியைக் கொஞ்சம் கடத்திவிடும். அதனால் அதே ஆழ விரிசல், வெட்டைவிடச் சிறிய எதிரொலியே தரும். உயரத்தை மட்டும் பார்த்து ஆழத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

4. ஷாஃப்ட் 75 மி.மீ. விட்டம் என்றால், டேப்பர் தொடக்கத்துக்கு 75 மி.மீ. முன்னால், நேர்ப்பகுதியில் புரோப்பை டேப்பரை நோக்கி வையுங்கள். ஒலி குறுக்கே கடந்து எதிர்ப்பரப்பின் மூலையில் மோதும். எதிரொலி சுமார் 106 மி.மீ.-இல் வரும். முன்னும் பின்னும் நகர்த்தியபடி ஷாஃப்டைச் சுழற்றுங்கள். உருளையில் தட்டையான புரோப் ஆடும். ஆடினால் கதிர் திசை மாறிவிடும். அடிப்பாகம் குறுகிய புரோப்பே நல்லது.

5. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். கீவேயின் முனைச்சுவரும் விரிசலைப் போலவே 106-இல்தான் எழும். எதிரொலி எழும் இடத்திலிருந்து விழும் இடம்வரை ஷாஃப்டின் மேல் சாக்பீஸால் குறியுங்கள். கீவே மட்டும் என்றால் நடுவிலிருந்து இருபுறமும் ஒரே அளவில் தேயும். 20 மி.மீ. கீவேக்கு ஒரு பக்கம் மட்டும் குறி நீண்டு போனால், மூலையிலிருந்து ஏதோ ஓடுகிறது. இரு பக்கமும் நீண்டால் இன்னும் மோசம். டேப்பரின் எதிரொலியோ சுற்றிலும் ஒரே இடத்தில் நிற்கும், அதனால் அதைப் பிரித்தறிவது எளிது.

புரோப்புக்கு முன்னால் குவிந்த கிரீஸும் பொய் எதிரொலி தரும். விரலால் அந்தக் குவியலைத் தட்டினால் எதிரொலி ஆடும். துடைத்தால் மறையும்.

6. சந்தேகப்பட்ட இடத்தில் டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) போட்டுப் பாருங்கள். சிவப்புக் கோடு தெரிந்தால் ஷாஃப்ட் போயிற்று. தெரியாவிட்டாலும் எதிரொலி அப்படியே நிற்குமானால் விடாதீர்கள், உப்பும் கிரீஸும் விரிசலின் வாயை அடைத்திருக்கலாம். சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். விரிசலை வெல்டிங் வைத்து மூடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், அந்த இடமே அடுத்த விரிசலின் தொடக்கமாகும். ஷாஃப்டை மாற்றுங்கள். புதியதில் கீவே முனையைப் பட்டறையில் கூர்மூலையாக விடாமல் உருட்டிவிடச் சொல்லுங்கள்.