ஃபார்முலா ஈ பந்தயத்தை முதல்முறை பார்ப்பது எப்படி? கடைமடையிலிருந்து ஒரு செய்முறை

"ஏன் மாமா, முன்னாடி போறவன் வேணும்னே வழி விடுறான்?"

2024 மே மாதம், கோடை விடுமுறை. டிவியில், ஃபார்முலா ஈ என்கிற மின்சாரக் கார் பந்தயம் பெர்லினில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மகன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாதான் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, திரையின் ஓரத்தில் பெயர்களுக்குப் பக்கத்தில் வந்த எண்களைப் பார்த்தார். "அவனுக்குத் தண்ணி பத்தாதுடா, அதான்" என்றார்.

அப்பா அதுவரை ஒரு கார் பந்தயத்தையும் முழுதாகப் பார்த்தவர் இல்லை. ஆனால் நாங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் பிரிந்து, எல்லா ஊரும் குடித்த பிறகுதான் எங்கள் மடைக்கு வரும். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிப் பழகியவருக்கு இந்தப் பந்தயம் ஒரே நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. எனக்கு ஒரு சீசன் முழுக்க ஆயிற்று. நீங்களும் அவ்வளவு நாள் தடுமாற வேண்டாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

படி 1: நேரத்தையும் கரண்டையும் உறுதி செய்யுங்கள்

பந்தய அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் அந்த ஊர் நேரம். டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். பெர்லின், மொனாக்கோ எல்லாம் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால். சாவோ பாலோ எட்டரை மணி நேரம் பின்னால், அதாவது அங்கே மதியம் என்றால் இங்கே தூங்கும் நேரம். முதல் தடவை கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டு, பந்தயம் முடிந்து கோப்பை கொடுக்கும்போது உட்கார்ந்தேன்.

பந்தயம் பெரும்பாலும் சனிக்கிழமையில் வரும். நம் பக்கம் சனிக்கிழமை பராமரிப்பு மின்தடை வந்தாலும் வரும். முதல் நாளே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, போனையும் சார்ஜ் போட்டு வையுங்கள்.

படி 2: தடத்தை வாசலில் வரையுங்கள்

இது விளையாட்டுக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். டிவியில் கேமரா தாவிக்கொண்டே இருக்கும். கார் ஊரின் எந்த மூலையில் இருக்கிறது என்று முதல் நாள் பார்ப்பவருக்குப் புரியாது. தடத்தின் வரைபடத்தை இணையத்தில் எடுத்து, கோலமாவால் வாசலில் இழுத்துவிடுங்கள். கார்களுக்குப் புளியங்கொட்டை போதும்.

இந்தத் தடங்களில் பல, ஊருக்குள் இருக்கிற சாதாரணச் சாலைகள்தான். வாரக் கடைசிக்காகச் சுவர் எழுப்பி, சாக்கடை மூடிகளை வெல்டிங் அடித்து, போட்டி முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். நம் ஆட்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. திருவாரூர் ஆழித்தேர் ஓடுவதும் ஊர் வீதியில்தானே? அங்கேயும் நேர் வீதியில் இழுப்பது பெரிய வேலை இல்லை, மூலையில் திருப்புவதில்தான் வித்தை. முட்டுக்கட்டை போடுகிறவர் ஒரு கணம் பிந்தினால் தேர் எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்க்கும். ஒரு வித்தியாசம், தேரன்று நாம் வீதியில் கரண்டை நிறுத்துவோம். இவர்கள் கரண்டில்தான் தேரையே ஓட்டுகிறார்கள்.

வரைந்த தடத்தில் மூன்று இடங்களைச் சிவப்புப் பொடியால் குறியுங்கள். மிக நீளமான நேர்ச்சாலை, அது முடிகிற கூர்மையான வளைவு, அப்புறம் 'அட்டாக் மோட்' வளையம். முந்துவதில் பெரும்பகுதி முதல் இரண்டு இடங்களுக்கு நடுவில் நடக்கும். மூன்றாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2023 பிப்ரவரி 11 அன்று ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் நடந்தது இந்தியாவின் முதல் ஃபார்முலா ஈ பந்தயம். சுமார் 2.8 கி.மீ. தடம், 18 வளைவுகள், ஜான் எரிக் வெர்ன் ஜெயித்தார். 2024இல் அங்கே நடக்க வேண்டியது ரத்தாகிவிட்டது. வரைந்து பழக அந்தத் தடம் நல்லது. (2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த தெருப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு அதுவும் இதுதானா என்று கேட்கிறார்கள். இல்லை, அவை பெட்ரோல் கார்கள்.)

படி 3: யூனிட் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டினால் பந்தயம் பாதி புரிந்த மாதிரி.

2023 சீசனில் வந்த ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) காரின் பேட்டரியில் பந்தயத்துக்கு ஓட்டுநர் கையில் இருப்பது சுமார் 38.5 யூனிட். ஆமாம், மின்கட்டண அட்டையில் வருகிற அதே யூனிட். இரண்டு மாதத்துக்கு நமக்கு இலவசமாக வருகிற 100 யூனிட்டை வைத்து இரண்டரைப் பந்தயம் ஓட்டிவிடலாம். நம் 5 எச்.பி. பம்புசெட் அந்த 38.5 யூனிட்டில் பத்து மணி நேரம் இறைக்கும். இவர்களுக்கு அது முக்கால் மணி, ஒரு மணி நேரத்துப் பந்தயம். ஏனென்றால் முழு வேகத்தில் மோட்டார் இழுப்பது 300 கிலோவாட், எண்பது பம்புசெட்டை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி.

முழு வேகத்திலேயே மிதித்தால் பேட்டரி பாதி வழியில் காலி. அதனால் இரண்டு காரியம் செய்கிறார்கள். வளைவு வருவதற்கு முன்பே காலை எடுத்துவிட்டுக் காரை அதன் போக்கில் ஓடவிடுவது ஒன்று. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கிப் பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பி அனுப்புவது இன்னொன்று. இதை ரீஜென் என்பார்கள். சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரோடு அதை அழுத்தினால் விளக்கு எரியும், பெடல் கனக்கும். அந்தக் கனம்தான் இங்கே பிரேக். ஜென் 3 காரில் முன்னும் பின்னுமாகச் சேர்த்து 600 கிலோவாட் வரை இப்படித் திருப்பி எடுக்கலாம். அதனால் பின் சக்கரத்துக்கு வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்கே வைக்கவில்லை. பந்தயத்தில் செலவாகும் மின்சாரத்தில் சுமார் 40 விழுக்காடு இப்படிப் பிரேக்கிலிருந்து வருவதுதான்.

ஆரம்ப காலத்தில் இந்த வசதி குறைவு. 2014இல் பெய்ஜிங்கில் தொடங்கியதிலிருந்து முதல் நான்கு சீசன்களுக்கு, பாதிப் பந்தயத்தில் ஓட்டுநர் இறங்கி ஓடி இன்னொரு காரில் ஏறிக்கொள்வார். பழைய வீடியோ கிடைத்தால் பாருங்கள். ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி இன்னொரு பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி இருக்கும்.

படி 4: ஸ்கூட்டரில் ஓர் ஒத்திகை

பேட்டரி ஸ்கூட்டர் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். இல்லாவிட்டால் என் கதையைப் படித்தால் போதும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து திருவாரூருக்குக் கிட்டத்தட்ட முப்பது கி.மீ. என் ஸ்கூட்டர், விற்றவர் சொன்ன தூரத்தில் முக்கால்வாசிதான் போகும். போக வர எப்படியும் தாங்கும் என்று கிளம்பினேன். முதல் நாள் அறுபதில் விரட்டினேன். திரும்பும்போது ஆலத்தம்பாடி தாண்டியதும் திரையில் பேட்டரி 9 விழுக்காடு என்று காட்டியது. ஊர் எல்லையில் 4. வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது, நான் முறுக்கியது எதுவும் எடுபடவில்லை. டியூஷன் போய்விட்டு வந்த பையன் ஒருவன் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக மிதித்தான்.

அடுத்த வாரம் அதே பாதை, நாற்பதில். வேகத்தடையைத் தூரத்தில் பார்த்ததுமே கையைத் தளர்த்தினேன். கச்சனம் பக்கம் ஒரு வைக்கோல் லாரி முன்னால் போனது. அதன் பின்னால் கொஞ்ச நேரம் போனபோது எதிர்காற்று சட்டென்று நின்றுவிட்டது, முறுக்காமலே வண்டி ஓடுகிறது. கண்ணில் வைக்கோல் தூசி விழுந்த பிறகுதான் புத்தி வந்து ஒதுங்கினேன். நீங்கள் லாரிக்குப் பின்னால் போகவே போகாதீர்கள். வீடு சேரும்போது 31 மிச்சம்.

அக்கா மகன் கேட்ட கேள்விக்கு அந்த வைக்கோல் லாரியில்தான் பதில் கிடைத்தது. முன்னால் போகிற கார்தான் காற்றைக் கிழிக்கிறது; கரண்ட் அதற்குக் கூடச் செலவாகிறது. பின்னால் ஒட்டிப் போகிறவர் சேமிக்கிறார். அதனால்தான் பெர்லின் மாதிரி அகலமான தடத்தில் முதலிடத்தை யாருமே சீக்கிரம் விரும்புவதில்லை. எல்லாரும் கூட்டமாக, ஒருவர் முதுகில் ஒருவர்.

படி 5: பயிற்சி ஓட்டம்

இதைப் பார்த்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஊர்ச்சாலையில் முதலில் புழுதி இருக்கும், வழுக்கும். ஓட ஓட ரப்பர் படிந்து நேரம் குறையும். காப்பி குடித்துக்கொண்டே பத்து நிமிடம் பார்த்தால் போதும். மகிந்திரா அணியின் காரை மட்டும் அடையாளம் கண்டுவையுங்கள். முதல் சீசனிலிருந்தே ஓடுகிற இந்திய அணி அது. அந்த முதல் சீசனில் அதற்கு ஓட்டியவர்களில் ஒருவர் சென்னைக்காரர் கருண் சந்தோக்.

படி 6: தகுதிச்சுற்று

வாரக் கடைசியிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கார்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவிலும் வேகமான நான்கு பேர் மேலே வருவார்கள். அந்த எட்டுப் பேருக்கும் கால் இறுதி, அரை இறுதி, இறுதி என்று கபடி மாதிரி நாக் அவுட். இருவர் மோதுவார்கள், தோற்றவர் வெளியே. இங்கே கரண்டைச் சேமிக்கிற பேச்சே இல்லை. 300க்குப் பதிலாக 350 கிலோவாட், ஒரே சுற்று, சுவருக்கும் டயருக்கும் நடுவில் கை நுழையாது. கடைசியில் ஜெயிப்பவருக்குப் பந்தயத்தில் முதல் இடத்திலிருந்து கிளம்பும் உரிமையும் 3 புள்ளிகளும் கிடைக்கும்.

படி 7: பந்தயம்

முதல் ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். ஆறாவது நிமிடத்திலிருந்து கண்ணைக் காரிலிருந்து எடுத்து, பெயர்ப்பட்டியலில் பேட்டரி விழுக்காடு காட்டும்போதெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் போகிறவருக்கு 52, ஆறாவதாகப் போகிறவருக்கு 56 என்றால், அந்த ஆறாவது ஆள் மேல் பணம் கட்டலாம். (கட்டாதீர்கள்.) தலைமடையில் இருக்கிறவர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு பாய்ச்சுகிற அழகைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அட்டாக் மோட்: தடத்தின் ஓரத்தில், நல்ல பாதையை விட்டு விலகிய இடத்தில், ஒரு பகுதியைக் குறித்திருப்பார்கள். அதன்மீது ஓட்டினால் சில நிமிடங்களுக்கு 50 கிலோவாட் கூடுதல். 2025 சீசனில் வந்த ஜென் 3 ஈவோ காரில் அந்த நேரத்துக்கு நான்கு சக்கரமும் இழுக்கும். விலகி ஓடுவதில் ஓரிரு இடம் போகும். போனதை மீட்டு அதற்கு மேலும் எடுக்க வேண்டும். எல்லாரும் இதை எடுத்தே ஆக வேண்டும், எப்போது எடுப்பது என்பதுதான் கணக்கு. சிவப்புப் பொடியால் குறித்த மூன்றாவது இடத்தில் புளியங்கொட்டையை நகர்த்துகிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், தூங்க மாட்டார்கள்.

பிட் பூஸ்ட்: 2025 பிப்ரவரியில் ஜெட்டாவில் அறிமுகமானது. பந்தயத்தின் நடுவே தடத்தை விட்டுப் பிட்டுக்குள் (அணிகள் காரைக் கவனிக்கிற இடம்) வந்து 30 விநாடி நின்றால் 600 கிலோவாட் வேகத்தில் சார்ஜ் ஏறும், 10 விழுக்காடு கூடும். எல்லாப் பந்தயத்திலும் கிடையாது.

பாதுகாப்புக் கார்: விபத்து நடந்தால் இது முன்னால் வரும், எல்லாரும் மெதுவாகப் போவார்கள். மெதுவாகப் போனால் கரண்ட் மிச்சமாகுமே? அதனால் இப்போது சுற்றுகளைக் கூட்டிவிடுகிறார்கள். முன்பு பேட்டரியிலிருந்து கழிப்பார்கள். அதன் விளைவை 2021 ஏப்ரல் 24 வலென்சியா பந்தயத்தில் பார்க்கலாம். அது தெருத்தடம் இல்லை, நிரந்தரத் தடம். அப்போது பந்தயம் சுற்றுக் கணக்கில் இல்லை, நேரக் கணக்கில்; நேரம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு சுற்று. பாதுகாப்புக் கார் பல தடவை வந்தது, கையிருப்பைக் கழித்துக்கொண்டே போனார்கள். முன்னால் இருந்த அன்டோனியோ ஃபெலிக்ஸ் டா கோஸ்டா, கடிகாரம் முடிய சில விநாடிகள் இருக்கும்போதே கோட்டைத் தாண்டிவிட்டார். அதனால் இன்னொரு முழுச் சுற்று ஓட வேண்டியதாயிற்று. அதற்குப் பலரிடம் கரண்டே இல்லை. கார்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து நிற்க, மிச்சம் வைத்திருந்த நிக் டி வ்ரீஸ் ஜெயித்தார். இதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "சம்பா கதிர் வர்ற நேரத்துல ஆத்துல தண்ணி நிறுத்துன மாதிரில்ல இருக்கு" என்றார்.

கோட்டைத் தாண்டும்போது முன்னணிக் கார்களின் எண்ணைப் பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். நாலைந்து விழுக்காடு மிச்சம் வைத்து ஆறாவதாக வந்தவரை அப்பா திட்டுவார். வடிகாலுக்கு விட்ட தண்ணியாம்.

படி 8: ஞாயிறும் பந்தயம் இருந்தால்

சில ஊர்களில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தனித்தனிப் பந்தயம். தகுதிச்சுற்று மறுபடி முதலிலிருந்து நடக்கும், தடம் அதேதான். ஆகவே சனி இரவே அம்மாவிடம் சொல்லிவையுங்கள், விடியற்காலை வாசல் தெளிக்கும்போது அந்த மூலையை விட்டுவிடச் சொல்லி.

2025 மே மாதம் மொனாக்கோவில் இரட்டைப் பந்தயம். சனிக்கிழமை ஆலிவர் ரோலண்ட் ஜெயித்தார், புளியங்கொட்டைகளை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கினோம். காலையில் எழுந்து பார்த்தால் மொனாக்கோ முழுக்கச் சாணித் தண்ணீரில் கரைந்துபோய், அதன்மேல் ஏழு புள்ளிச் சிக்குக்கோலம். அக்கா மகன் அழாத குறை. மாலை டிவியைப் போட்டால் அங்கேயும் மழை, தடம் முழுக்க ஈரம். இந்தக் கார்களுக்கு வெயிலுக்கும் மழைக்கும் ஒரே டயர்தான், மாற்றாமல் அப்படியே ஓடினார்கள். செபாஸ்டியன் புவெமி முதலில் வந்தார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் தெளிச்சதுக்கு அங்க ஏன்டா வழுக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.