பெருவெடிப்புக்குப் பிறகு நடந்தது: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரபஞ்சத்தின் தொடக்கத்தை விளக்கும்போது நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு வெப்பநிலையை விட்டுவிடுகிறோம். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. எந்த நிகழ்வானாலும் இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

இருட்டில் ஒரு புள்ளி வெடித்துச் சிதறுவதாகப் படம் வரைவது முதல் தவறு. அந்த விரிவுக்கு மையமும் இல்லை, வெளிப்புறமும் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் விரிந்தது. "பிரபஞ்சம் கடுகளவு இருந்தது" என்பதும் அரைகுறைதான். அது இன்று நாம் காணக்கூடிய பகுதியின் அன்றைய அளவு. முழுப் பிரபஞ்சம் அப்போதே எல்லையற்றதாக இருந்திருக்கலாம். வயது 1380 கோடி ஆண்டு என்பதால் காணக்கூடிய எல்லையும் 1380 கோடி ஒளியாண்டு என்று எழுதிவிடாதீர்கள். ஒளி பயணித்தபோதே இடைவெளியும் விரிந்துகொண்டே போனதால், அந்த எல்லை இன்று சுமார் 4600 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது.

அதிகம் பரவியிருக்கும் பிழை, எல்லாத் தனிமங்களும் பெருவெடிப்பிலேயே பிறந்தன என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. முதல் நொடியில் வெப்பம் ஏறத்தாழ 1000 கோடி கெல்வின். அதையொட்டிப் புரோட்டானும் நியூட்ரானும் ஒன்று மற்றொன்றாக மாறுவது ஓய்ந்தது. 6 புரோட்டானுக்கு 1 நியூட்ரான் என்ற விகிதம் மிஞ்சியது. உடனே அணுக்கருக்கள் சேர்ந்துவிடவில்லை. ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்டீரியம் உருவானவுடன் ஆற்றல்மிக்க ஒளித்துகள்கள் அதை உடைத்துப்போட்டன. வெப்பம் 100 கோடி கெல்வினுக்குக் கீழே இறங்கச் சில நிமிடங்கள் ஆயின; அதற்குள் நியூட்ரான்களில் ஒரு பங்கு சிதைந்து விகிதம் 7:1 ஆனது. இப்போது 16 துகள்களை எடுங்கள்: 14 புரோட்டான், 2 நியூட்ரான். இரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானுடன் சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கரு. நிறையில் 16க்கு 4, அதாவது 25 சதவீதம். மீதி ஹைட்ரஜன். விண்வெளியின் பழைய வாயுக்களில் அளந்து பார்த்தாலும் இதே அளவுதான் வருகிறது. எத்தனை அழகான பொருத்தம்! நிறையெண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்த எண்ணிக்கை) 5, 8 இரண்டிலும் நிலையான அணுக்கரு கிடையாது. அதனால் துளி லித்தியத்தோடு வேலை நின்றது. கார்பனும் இரும்பும் நட்சத்திரங்களின் சமாச்சாரம்.

வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் மங்கலான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சை வெடிப்பு நேரத்து ஒளி என்பதும் தவறு. வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் 1964இல் பதிவுசெய்த அந்த ஒளி, பிரபஞ்சத்தின் சுமார் 3,80,000 ஆண்டு வயதில், 3000 கெல்வினில் விடுபட்டது. அதுவரை தனித்துத் திரிந்த எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடித்துப் பிரபஞ்சத்தை மூடுபனிபோல் ஆக்கியிருந்தன; அவை புரோட்டான்களோடு சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்களானதும்தான் ஒளிக்கு வழி திறந்தது. ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதை அப்படியே வெப்பநிலையாக்கினால் ஒன்றரை லட்சம் கெல்வின் வரும். பலர் இங்கே சறுக்குகிறார்கள். ஒரு புரோட்டானுக்கு நூறு கோடிக்கும் மேல் ஒளித்துகள்கள் இருந்ததால், அவற்றில் மிகச் சிறு பங்கே அணுக்களை உடைக்கப் போதுமானதாக இருந்தது. அதனால்தான் அவ்வளவு குளிர வேண்டியிருந்தது. அதன் பிறகு பிரபஞ்சம் சுமார் 1100 மடங்கு விரிந்ததால் அந்த ஒளியும் அத்தனை மடங்கு குளிர்ந்தது. அதன் இன்றைய 2.725 கெல்வினை 1100ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 3000 வரும்.

பெருவெடிப்புக்கு அடுத்த நொடியே விண்மீன் திரள்களைக் காட்டும் படங்களும் உண்டு. முதல் நட்சத்திரங்களுக்கு 10 முதல் 20 கோடி ஆண்டுகள் ஆயின. இடையில் இருண்ட காலம். பிறகு அவற்றின் புற ஊதா ஒளி ஹைட்ரஜனை மறுபடி எலக்ட்ரானும் புரோட்டானுமாகப் பிரித்தது. அதைக் கேட்டதும் பிரபஞ்சம் மீண்டும் மூடுபனியானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதற்குள் வாயு மிகவும் மெலிந்துவிட்டது. எலக்ட்ரான்கள் தனித்திருந்தும் பெரும்பாலான ஒளி தடையின்றிக் கடந்தது.