வேலூர்ப் பேச்சில் ‘பேஜார்’, ‘நாஸ்தா’, ‘கினு’

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தமிழும் உருதும் பல தலைமுறைகளாக ஒரே தெருவில் புழங்குவதால், கடைவீதியில் காதில் விழும் சொல்லை அகராதியில் தேடுவதற்கு முன், யார், யாரிடம், எந்தக் குரலில் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நாஸ்தா’ காலைச் சிற்றுண்டி, அதில் குழப்பமில்லை. ‘பேஜார்’ அப்படியன்று. உருது வழி வந்த இச்சொல், ‘பேஜாராப் போச்சு’ என்னும்போது அலுப்பையும், ‘பேஜார் பண்ணாதே’ என்னும்போது தொல்லையையும் குறிக்கும். பின்னதைப் பெரியவர்களிடம் சொன்னால் முறைப்பார்கள். ‘கொண்டு’ இங்கே ‘கினு’ ஆகும்: ‘இன்னா சொல்லிகினு கீற?’ என்றால் ‘என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாய்?’ என்று பொருள். மூத்தவரிடம் ‘கீறீங்க’ என்று மாற்றிக்கொள்ளவும். ‘ஏமாற்றாதே’ என்னும் பொருள்படும் ‘காது குத்தாதே’ என்பதைக் கடைக்காரரிடம் சிரித்தபடி சொன்னால் பேரம் தொடரும். முகத்தைச் சுளித்துச் சொன்னால் அங்கேயே முறிந்துவிடும்.