அணைந்த சுருட்டை மறுபடி பற்றவைக்கும்போது செய்யக்கூடாதவை

புதிதாகச் சுருட்டுப் பிடிக்க ஆரம்பித்தவர்கள், அணைந்துபோனதை மறுபடி பற்றவைக்கும் அழகைப் பார்த்தால் பிடுங்கி நாமே செய்து கொடுத்துவிடலாமா என்று இருக்கும். சுருட்டு அணைவது குற்றமில்லை. வெறும் இலைதானே, பேச்சு சுவாரஸ்யத்தில் சில நிமிடம் மறந்தால் அணையத்தான் செய்யும்.

சாம்பலோடு பற்றவைப்பது

தட்டிவிடுங்கள். கரி ஒட்டியிருந்தால் தீக்குச்சியால் சுரண்டிவிடுங்கள்.

தீயை வைத்ததும் இழுப்பது

இதுதான் எனக்கு ஆகவே ஆகாதது. சுருட்டு எரியும்போது புகை முழுவதும் மிச்சமிருக்கும் இலை வழியாகத்தான் வருகிறது. அணைந்து ஆறியதும் அந்தப் புகையில் இருந்த தார், அம்மோனியா, ஈரம் எல்லாம் கங்கு இருந்த இடத்துக்குப் பின்னால் இலையிலேயே படிந்துவிடும். தீயை வைத்துக்கொண்டே பலமாக இழுத்தால் அத்தனையும் சூட்டோடு சேர்ந்து நேராக நாக்குக்கு வரும், அப்புறம் கசக்காமல் என்ன செய்யும்?

நண்பர் ஒருவருக்கு அவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து ஒரு கோஹிபா, விலை உயர்ந்த கியூபா சுருட்டு, கொண்டுவந்து கொடுத்திருந்தார். பாதியில் போன் வந்தது, பேசிவிட்டு வந்தார், பெட்ரோல் லைட்டரை அடியில் பிடித்துக்கொண்டு கன்னம் ஒட்ட இழுத்தார். முகம் கோணியது. "டூப்ளிகேட்டுடா இது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆஷ்ட்ரேயில் நசுக்கிவிட்டார். அந்தப் பாதியின் விலைக்கு உறையூர்ச் சுருட்டு கட்டுக்கட்டாக வாங்கலாம். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சுருட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தீ இலையைத் தொடாமல் சற்றுக் கீழே இருக்கட்டும். ஓரம் முழுக்கச் சிவக்கும்வரை மெதுவாகச் சுழற்றுங்கள். பிறகு வாயில் வைத்து, இழுக்காமல், வெளிப்பக்கமாக மெல்ல ஊதுங்கள். தீ பக்கத்திலேயே இருந்தால் உள்ளே தேங்கிய வாயு சட்டென்று பற்றி ஒரு கணம் தீ நீளும், பயப்பட வேண்டாம், கழிவு போகிறது என்று அர்த்தம். ஓரிரு முறை ஊதிவிட்டு, அரை நிமிடம் சும்மா விட்டு, அப்புறம் மெதுவாக ஒரு இழுப்பு. உறையூர்ச் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்தே இருப்பதால் ஊதுவது இன்னும் சுலபம்.

பெட்ரோல் லைட்டர்

வாடை ஏறும். கேஸ் லைட்டர் நல்லது. தீக்குச்சி என்றால் தலையில் உள்ள மருந்து எரிந்து தீரட்டும், பிறகு கிட்டே கொண்டு போங்கள்.

நசுக்கி அணைப்பது

வேண்டாம். தானாக அணையும்.

நாளைக்கு என்று எடுத்து வைப்பது

ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் இரண்டு. அதற்கு மேல் எவ்வளவு ஊதினாலும் பழைய ருசி வராது. மனசு கேட்கவில்லையா? கங்கு இருக்கும்போதே உள்ளிருக்கும் புகையை ஊதி வெளியேற்றிவிட்டு, தானாக அணைந்ததும் கருகிய இடத்துக்கு அரை அங்குலம் பின்னால் வெட்டி, மூடியுள்ள குழாயில் தனியாக வையுங்கள். புதுச் சுருட்டு இருக்கும் பெட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஒரு துண்டின் வாடை பெட்டி மொத்தத்துக்கும் ஏறிவிடும்.